கடைமடைக்கு வந்தது பாயிண்ட் எட்டு

அனுப்பிய அளவு போய்ச் சேரவில்லை என்றால், வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் பொருளா? வேங்கடசாமியின் அறுபத்து மூன்று வருட வாழ்க்கை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது என்று சொல்லலாம். ஆனால் அவர் அதைக் கேள்வியாகப் பார்த்ததில்லை. அவருக்கு அது முடிந்துபோன பதில். யாரோ எடுத்திருக்கிறார்கள், யார் என்பது மட்டும்தான் பாக்கி.

கோபிசெட்டிபாளையத்தில் வாய்க்கால் லஸ்கராக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையோடு நடந்து தண்ணீர் எங்கே எவ்வளவு ஓடுகிறது என்று அளவுக்கல்லைப் பார்த்து எழுதுவது, இதுதான் லஸ்கர் வேலை. இந்தப் பக்கத்தில் நெல்லுக்கும் வாழைக்கும் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்ன நாள், இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை இன்ன தோட்டம். தலைமடையில் இருப்பவனுக்குத் தண்ணீர் தானாக வரும். கடைமடையில் இருப்பவனுக்கு லஸ்கர் நடந்தால்தான் வரும். வேங்கடசாமி நடந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

விவசாயிகளிடமிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்காதவர் என்று ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் புகழ்ச்சியில் ஒரு ஆபத்து இருக்கிறது. கை சுத்தமாக இருப்பவருக்குத் தன் கண்ணும் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கை மெல்ல வந்துவிடுகிறது. கையைச் சோதிப்பது எளிது. கண்ணை யார் சோதிப்பது?

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கடைமடை நெல் கருகியது. மேலே மதகில் நான்கு பங்கு விட்டால் கீழே ஒன்றரைப் பங்குதான் வந்தது. வேங்கடசாமி மூன்று நாள் கரையில் நடந்தார். நடுவில் சுந்தரராஜுலு என்பவரின் வாழைத்தோட்டம். அங்கே மோட்டார் அறையில் சுருட்டி வைத்த நீளமான ஹோஸ் பைப் ஒன்று இருந்தது. ஹோஸ் பைப் இல்லாத மோட்டார் அறை கோபி வட்டாரத்தில் கிடையாது. ஆனாலும் தண்ணீரை எடுத்தது சுந்தரராஜுலுதான் என்று அவர் எழுதிக் கொடுத்தார். சுந்தரராஜுலுவுக்கு அந்தப் பருவம் முழுக்க முறை நிறுத்தப்பட்டது. இரண்டு ஏக்கர் வாழை குலை தள்ளாமலே சாய்ந்தது. அடுத்த வருடம் பராமரிப்புக்காக வாய்க்காலை வற்ற விட்டபோது, அதே இடத்துக்குச் சற்று மேலே கரையடியில் தண்ணீர் ஒழுகிப்போகும் நண்டு வளைகள் வரிசையாக இருந்ததைப் பலரும் பார்த்தார்கள். "அது இந்த வருசத்து வளைங்க," என்றார் வேங்கடசாமி. நண்டுக்கு வயது கேட்கும் வழி யாருக்கும் தெரியாததால் பேச்சு அதோடு நின்றது.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு நடக்கக் கரை இல்லாமல் போயிற்று. கீழ்வீட்டில் அவரும் மனைவி ரங்கம்மாளும். இவர்கள் முன்னோர் தெலுங்கு பேசியவர்கள். வீட்டுக்குள் இன்னும் தெலுங்குதான். சண்டை வந்தால் மட்டும் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். தெலுங்கு அந்த அளவுக்குப் போதவில்லை என்பார் ரங்கம்மாள்.

மகன் சாய்குமார் கோவையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு தீபாவளிக்கு வந்தபோது வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கி, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைத்தான். அதன் முதுகில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைச் செருகினான். போனில் ஒரு படத்தின் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும், ரவுட்டரே இழுத்து அந்த டிஸ்க்கில் நிரப்பிக்கொள்ளும். போனை அணைத்துவிட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். நிரம்பியதை டிவியில் போட்டுப் பார்க்கலாம். அம்மா பழைய தெலுங்குப் படங்கள் பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம்.

அம்மா படம் பார்த்தார். அப்பா அளவு பார்த்தார்.

வேகம் காட்டும் ஒரு செயலியை மகன் அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் தொண்ணூறு என்று காட்டியது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் டிஸ்க்குக்குப் போகும் வேகம் பாயிண்ட் எட்டு என்று காட்டியது. வேங்கடசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தொண்ணூறு. பாயிண்ட் எட்டு. முப்பத்து நான்கு வருடத்தில் எந்த வாய்க்காலிலும் இவ்வளவு பெரிய களவை அவர் கண்டதில்லை. அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்து, தேதி, மணி, தலைமடை, கடைமடை என்று நான்கு கோடு போட்டார்.

அவர்களுடைய மேல்வீட்டில் கிளாடிஸ் வாடகைக்குக் குடியிருந்தாள். முப்பத்து நான்கு வயது. போத்தனூர்க்காரி. கோபியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவன் பிரிந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பெண் குழந்தை போத்தனூரில் கிளாடிஸின் அம்மாவிடம் வளர்ந்தது. வெளிநாட்டு மருத்துவமனையில் வேலைக்குப் போவதற்கான பரீட்சைக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். அதில் தேறினால்தான் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வழி உண்டு. இங்கே வாங்கும் சம்பளத்தில், மாறிமாறி வரும் ஷிஃப்டில், அது நடக்காது. அதற்காக ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தாள். அறுபது வீடியோப் பாடங்கள். அந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவை திறக்காது. பரீட்சைக்கு அதற்குப் பிறகும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் பாடங்களை எங்காவது இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவள் போனில் இடமில்லை.

எட்டாம் தேதி அவள் கீழே வந்தாள்.

"அய்யா, உங்க டிஸ்க்குல கொஞ்சம் எடம் இருக்குதுங்களா? பாடத்த அதுல போட்டு வெச்சா, லீவுல ஒக்காந்து பாத்துக்குவனுங்க."

"எடத்துக்கு என்ன அம்மணி, நெறைய கெடக்குது. எத்தன பாடம்?"

"அறுவதுங்க."

"ஒண்ணொண்ணும் எவ்வளவு பெருசு?"

அவள் சொன்னாள். அவர் நோட்டில் எழுதினார். பாயிண்ட் எட்டு வேகத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு மணிநேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார். "முறை வெச்சுக்கலாங்க அம்மணி," என்றார். "பத்து மணிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் உங்க முறை. ரெண்டுலிருந்து ஆறு எங்க முறை. மத்த நேரம் யாரும் டிஸ்க்குக்கு எடுக்கறதில்ல, டிவி ஓடோணும். தெனம் நாலு பாடம், பதினஞ்சு நாள்ல முடிஞ்சுரும்."

"இன்டர்நெட்டுக்கு முறை வெச்ச மொத ஆளு நீங்கதானுங்கய்யா," என்று சிரித்தாள் கிளாடிஸ்.

"முறை இல்லீன்னா கடைசியா இருக்கறவனுக்கு ஒண்ணும் வராதுங்க."

அடுத்த நாள் காலை மாடிப்படிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது. அதில் இரண்டு வீட்டின் முறையும் சிவப்பு மையில் இருந்தது. ரங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு பூட்டும் போட்டுருங்க, தண்ணி வெளிய போயிராம," என்றார்.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. அதாவது கிளாடிஸ் வரையில் ஒழுங்காக நடந்தது. அவள் வேலைக்குப் போகும்போது நான்கு முகவரியைப் போட்டுவிட்டுப் போவாள். பத்து மணிக்குத் தானாக ஆரம்பிக்கும், இரண்டு மணிக்கு முடிந்திருக்கும். சில நாள் மூன்றுதான் வந்திருக்கும். ஆனால் வேங்கடசாமிக்கு நிம்மதி இல்லை. தன் முறையில் இரண்டு மணிக்கு நோட்டோடு உட்கார்ந்தால், அப்போதும் பாயிண்ட் எட்டு. அவள் முறையில் பாயிண்ட் எட்டு வந்தால் சரி. எல்லா நீரும் தனக்கே திறந்துவிட்ட தன் முறையிலும் ஏன் பாயிண்ட் எட்டு? மேலே தொண்ணூறு அப்படியே இருக்கிறதே?

அவருக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான் தெரியும்.

பதினைந்தாம் தேதி மதியத்திலிருந்து நோட்டில் ஐந்தாவது கோடு ஒன்று வந்தது. தலைப்பு, 'மேல் ஃபேன்'. மாடியில் மின்விசிறி ஓடினால் கிளாடிஸ் வீட்டில் இருக்கிறாள் என்று பொருள். அவளுக்கு அந்த வாரம் காலை ஷிஃப்ட். மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஃபேன் ஓடும் நேரத்தில் வேகம் குறைவாக இருப்பதை நான்கு நாள் குறித்தார். ஃபேன் ஓடாத நேரத்தில் அந்த நான்கு நாளும் அவர் ஒரு முறைகூட அளந்து பார்க்கவில்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் அளந்தார். சந்தேகம் ஃபேன் சத்தத்தோடுதான் வந்தது. இந்த மாதிரி அளவை எந்த அதிகாரியாவது எழுதிக் கொடுத்திருந்தால் வேங்கடசாமியே கிழித்துப் போட்டிருப்பார்.

பதினெட்டாம் தேதி அவள் படியேறும்போது அவர் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. முறை மாத்தி எடுக்கறீங்களா?"

"புரியலீங்கய்யா."

"ரெண்டு மணிக்கு மேல. எங்க முறையில."

"இல்லீங்களே. ரெண்டு மணிக்கு மேல நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க. போன்ல பாட்டுக் கேட்டுட்டுத் தூங்கிருவேன்."

"பாட்டு மட்டும்தானுங்களா?"

அவள் இரண்டு படி இறங்கி வந்தாள். "என்னங்கய்யா கேக்கறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. நோட்டு இருக்குதுங்க. வேணும்ன்னா நீங்களே பாருங்க. நாலு நாளா நீங்க ஊட்டுல இருக்கற நேரத்துல எல்லாம் கொறையுதுங்க. பாடம் அவசரமா இருக்கும், எனக்குத் தெரியாதுங்களா. ஆனா கேட்டு எடுத்திருக்கலாமுங்க."

அந்த நோட்டை அவள் வாங்கிப் பார்த்தாள். 'மேல் ஃபேன்' என்ற தலைப்பில் அவள் கண் நின்றது. திருப்பிக் கொடுத்தாள்.

"நான் திருடினேன்னு நேராச் சொல்லிருங்கய்யா. பின்னால 'ங்க' போட்டுட்டா அது வேற வார்த்தை ஆயிராதுங்க."

அன்று மாலை அவர், அவளுக்கும் கொடுத்திருந்த இணைப்பின் ரகசியச் சொல்லை மாற்றினார். கோபமாக அல்ல. மதகைப் பூட்டும் ஒருவரின் நிதானத்தோடு மாற்றினார். அட்டையில் மேல்வீட்டின் முறையைச் சிவப்பு மையால் அடித்தார். அப்போது அவளுக்கு இன்னும் இருபத்திரண்டு பாடங்கள் வர வேண்டியிருந்தன. பன்னிரண்டு நாள் இருந்தது.

ரங்கம்மாள் அந்த அட்டையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள பரீச்சைக்குப் படிக்குதுங்க. நான் பாக்கற படம் எல்லாம் ஏற்கனவே நூறு தடவ பாத்ததுதான். நம்ம முறையையும் சேத்து அவளுக்கே உட்டாத்தான் என்ன?"

"கேட்டா உட்டிருப்பேன். கேக்காம எடுத்தா உட முடியாது."

"எடுத்தான்னு யாரு பாத்தா?"

"அளவு பாத்துச்சு."

"அளவுக்குக் கண்ணு இருக்குதா? ஃபேன் ஓடறத எட்டி எட்டிப் பாத்துட்டு வாரீங்களே, வயசுக்கு நல்லாவா இருக்குது?"

ரங்கம்மாள் மாடிக்குக் கேட்கும் குரலில் சொன்னார், "இந்த மனுசன் பொழுதுக்கும் வாய்க்கால் கரையிலயேதான் இருக்கறாருங்க கண்ணு. நாங்க எல்லாம் தண்ணிக்குள்ள."



இருபதாம் தேதி கிளாடிஸ் மூன்று நாள் விடுப்பில் போத்தனூருக்குப் போனாள். அவள் மகளுக்குப் புதுநன்மை. கத்தோலிக்கக் குடும்பங்களில் குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது; வெள்ளை உடுப்பு, தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. போகும்போது ரங்கம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஃபேன் ஓடவில்லை. அந்த மூன்று நாளும் வேங்கடசாமி இரண்டு மணிக்கு உட்கார்ந்து அளந்தார். பழக்கத்தால் அளந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்ன வந்தது என்பதை அவர் பார்க்கவே இல்லை. நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: பாயிண்ட் எட்டு, பாயிண்ட் ஏழு, பாயிண்ட் எட்டு. ஃபேன் என்ற கட்டத்தில் மூன்று நாளும் ஒரு சிறு கோடு.

எழுதுவதும் பார்ப்பதும் ஒன்றல்ல. இதைப் பெரிய விஷயமாக எடுத்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. அவர்களில் யாரும் மூன்று நாள் தன் கையாலேயே எழுதிய பதிலைத் தானே படிக்காமல் விட்ட ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

திரும்பி வந்த கிளாடிஸ் வாசலில் நின்றே பேசினாள். "அய்யா, மாசக் கடைசியில ஊட்டைக் காலி பண்ணிக்கறேனுங்க. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஹாஸ்டல் ஒண்ணு பாத்திருக்கறேன்."

"சரிங்க அம்மணி," என்றார் அவர்.

ஹாஸ்டலுக்குப் போனால் மகள் விடுமுறைக்கு வந்து தங்க முடியாது. அது அவருக்குத் தெரியும். ரங்கம்மாளுக்கும் தெரியும். ரங்கம்மாள் அன்று இரண்டு மொழியிலும் பேசவில்லை.

இருபத்தேழாம் தேதி ரியாஸ் வந்தான். அந்தத் தெருவுக்கெல்லாம் இணைப்பு கொடுக்கும் கேபிள் ஆபீசில் வேலை செய்பவன். முழுப் பெயர் முகமது ரியாஸ். டிவியில் படம் பாதியில் நின்று நின்று ஓடுகிறது என்று ரங்கம்மாள்தான் போன் செய்திருந்தார். வந்தவனிடம் வேங்கடசாமி நோட்டைக் கொடுத்தார்.

"படம் நிக்கறத உடுங்க பாய். இதப் பாருங்க. தலைமடையில தொண்ணூறு. கடைமடையில பாயிண்ட் எட்டு. நடுவுல எங்கயோ போகுதுங்க."

ரியாஸ் நோட்டைப் புரட்டினான். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "அய்யா, இது ரெண்டும் ஒரே அளவு இல்லீங்க. போன்ல காட்டறது பிட்டு, பெட்டியில காட்டறது பைட்டு, எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. தொண்ணூற எட்டால வகுக்கோணும். பதினொண்ணு வரும்."

வாய்க்காலில் பழைய அளவுக்கற்கள் அடிக் கணக்கில் இருக்கும், புதியவை மீட்டர் கணக்கில். இரண்டையும் கலந்து எழுதிய ஒரு இளம் பொறியாளரை வேங்கடசாமி ஊர் முன்னால் திருத்தியிருக்கிறார். அந்தக் கதையைப் பலமுறை சொல்லியும் இருக்கிறார்.

"சரி, பதினொண்ணு," என்றார் கடைசியில். "பாயிண்ட் எட்டு எங்க, பதினொண்ணு எங்க? மிச்சத்த எடுக்கறது யாரு?"

"சித்தெ இருங்க."

ரியாஸ் தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். ரவுட்டரின் முதுகிலிருந்து டிஸ்க்கை உருவி லேப்டாப்பில் செருகினான். ஒரு படத்தை அதில் இறக்கினான். பத்து என்று காட்டியது. மறுபடி டிஸ்க்கை ரவுட்டரில் செருகினான். அதே படம். பாயிண்ட் எட்டு. மேல்வீட்டின் இணைப்பு மூடிக் கிடந்தது, வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை.

"பாத்தீங்களா. லைன்ல கோளாறு இல்ல, டிஸ்க்குலயும் இல்ல. இந்த ரவுட்டருக்கு மூளை சின்னதுங்கய்யா. வாரத வாங்கி எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கறது வரைக்கும் சரியாச் செய்யும். அதையே டிஸ்க்குல எழுதச் சொன்னா, ஒவ்வொரு சொல்லா எழுத்துக்கூட்டி எழுதற ஆளு மாதிரிதான். இந்த டிஸ்க்கு வேற கம்ப்யூட்டருக்குன்னு தயார் பண்ணினது, இதுக்கு அது பழக்கமில்லாத நோட்டு. மொதல் நாள்ல இருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

"அப்ப எடுத்தது?"

"யாரும் எடுக்கலீங்க. அதால எழுத முடியறதே அவ்வளவுதான்."

ரங்கம்மாள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்து நோட்டை ரியாஸின் கையிலிருந்து வாங்கி, இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு தேதிகளில் விரலை வைத்தார். "இந்த மூணு நாளும் அந்தப் புள்ள ஊர்லயே இல்லீங்களே," என்றார்.

வேங்கடசாமி தன் கையெழுத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

அப்போது ரங்கம்மாள் சொன்ன அடுத்த வார்த்தையில் குத்தல் இல்லை. கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதாகவும் தெரியவில்லை. வாயில் தானாக வந்தது போலத்தான் இருந்தது.

"அப்ப சுந்தரராஜுலு?"

ரியாஸுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. அவன் ஒயரைச் சுற்றினான்.

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் எழுதிக் கொடுத்த பெயர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவற்றில் பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே தண்ணீர் எடுத்தவர்களாக இருக்கலாம். வாய்க்கால் தண்ணீரைத் திருடுபவர்கள் உண்டு. அதை மறுப்பது கடைமடைக்காரனுக்குச் செய்யும் துரோகம். ஆனால் எவை எவை என்று பிரித்துச் சொல்ல அந்த நிமிடத்துக்குப் பிறகு அவரால் முடியாது. ஒரு தவறான அளவு தன்னோடு முடிவதில்லை. அதே கண்ணால் பார்த்த மற்ற எல்லாவற்றிலும் கை வைக்கிறது. அவர் முகத்தில் அன்று தெரிந்தது வருத்தம் என்று சொல்ல மாட்டேன். நடந்து பழகிய கரையில் காலுக்குக் கீழே மண் அசைவதை உணர்ந்தவரின் கவனம் அது.

அவர் ரியாஸ் பக்கம் திரும்பினார். "பாய், உங்க லேப்டாப்ப நாளைக்கு மத்தியானம் கொண்டார முடியுங்களா?"

"கொண்டாரேனுங்கய்யா. எதுக்கு?"

"கொஞ்சம் எறக்கோணும்."

பிறகு அவர் மாடி ஏறினார். கிளாடிஸ் குடிவந்த ஒன்றரை வருடத்தில் அவர் அந்தப் படியில் ஏறியது அன்றுதான். எப்போதும் கீழே நின்று கூப்பிடுவார். அவள் கதவைத் திறந்தபோது பின்னால் இரண்டு அட்டைப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அம்மணி, மிச்சம் எத்தன பாடம்?"

அவள் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "இருபத்திரண்டுங்க."

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ரியாஸ் பாய் வாராரு. அவரு பெட்டியில போட்டா சாயந்தரத்துக்குள்ள எல்லாம் வந்துருமாம். அட்ரஸ எல்லாம் எடுத்து வெச்சுக்கங்க."

"ரெண்டு மணி உங்க முறைங்களே."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மேலே வந்த களைப்பு இன்னும் மூச்சில் இருந்தது.

"எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் எடுக்கலீங்க."

அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒரு மன்னிப்பு அங்கே சொல்லப்பட்டிருக்க வேண்டும், சொல்லப்படவில்லை. அதை நல்ல குணத்தின் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை. அவர் திரும்பி இறங்கினார். பாதிப் படியில் நின்று, சிவப்பு மையில் அடித்திருந்த அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் இருபத்திரண்டு பாடங்களும் வந்து சேர்ந்தன. ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டது. ரியாஸ் டீ குடித்தான். கிளாடிஸ் கீழே கூடத்தில் ரங்கம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடமும் முடியும்போது ஒரு தாளில் டிக் போட்டாள். மகளின் புதுநன்மை போட்டோக்களை ரங்கம்மாளுக்குக் காட்டினாள். "கண்ணு, உன்ற புள்ள உன்னையாட்டமே மொறைக்குது," என்றார் ரங்கம்மாள். வேங்கடசாமி வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் எதையும் எழுதவில்லை.

கிளாடிஸ் அந்த மாதம் காலி செய்யவில்லை. ஏன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. பெட்டிகள் பிரிக்கப்பட்டன. பரீட்சையில் முதல் தடவை பேச்சுப் பகுதியில் தவறினாள்; இரண்டாம் தடவை தேறினாள். அடுத்த வருடம் மகளோடு வெளிநாடு போனாள். போகும்போது ரங்கம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேங்கடசாமியிடம், "போயிட்டு வாரேனுங்கய்யா," என்றாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்க அம்மணி," என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த முப்பதாம் தேதி கழிந்து ஒரு வாரத்துக்குள் அவர் ஒரு காரியம் செய்தார். ரியாஸை மறுபடி வரச் சொன்னார். கூடத்தில் இருந்த ரவுட்டரையும் அதன் முதுகில் இருந்த டிஸ்க்கையும் கழற்றி மேல்வீட்டில், கிளாடிஸின் அறையில் மாட்டச் சொன்னார்.

ரியாஸ் தயங்கினான். "அய்யா, மேல வெச்சா கீழ சரியாக் கெடைக்காதுங்க. ரெண்டு தளம், நடுவுல கான்கிரீட். அம்மா பாக்கற படம் இப்ப நிக்கறதவிட எச்சா நிக்கும்."

"தெரியும். மாட்டுங்க."

"பழைய ரவுட்டரையே மாத்திரலாமுங்க. இப்ப வர்றதுல எல்லாம் இந்தத் தொல்லை இல்ல."

"அது பொறவு பாத்துக்கலாம். இப்ப இத மேல மாட்டுங்க."

விஷயம் கேள்விப்பட்ட சாய்குமார் புது ரவுட்டர் ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்றார். "அப்பா, அப்ப ரவுட்டரையாவது கீழயே வெச்சுக்குங்க, அது உங்க பேர்ல இருக்குது," என்றான். பேர் பேர்லயே இருக்கட்டும் என்றார். ரங்கம்மாள் தெலுங்கில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கேட்டுப் பார்த்தார்.

கிளாடிஸ் போன பிறகு மேல்வீட்டுக்கு யஷ்வந்த், பூஜிதா என்று ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவர்களிடமும் அவர் ரவுட்டரைக் கீழே இறக்கித் தரச் சொல்லவில்லை. ரகசியச் சொல்லையும் அவர்களையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ரங்கம்மாளுக்கு ஏதாவது படம் இறக்க வேண்டும் என்றால் மதியம் மெதுவாகப் படியேறி, கதவைத் தட்டி, "ஏனுங்க, இப்பப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்பார். அவர்கள் சரி என்றால் போடுவார். இல்லை என்றால், "பொறவு வாரேனுங்க," என்று இறங்கிவிடுவார்.

ஏன் என்று ரங்கம்மாள் ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டபோது, மேலே காற்று நன்றாக வருகிறது, ரவுட்டர் சூடாகாது என்றார். மேல்வீட்டில் காற்று வருவதில்லை. மொட்டைமாடி வெயில் முழுக்க அந்த அறையில்தான் இறங்குகிறது.